கணினிக்கூட சர்வர் உள்ளே விட மறுக்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளிக் கணினிக்கூடத்தில் 30 கணினிகள். எல்லாம் ஒரே விண்டோஸ் சர்வர் 2019-க்குள் ரிமோட் டெஸ்க்டாப் (சர்வரின் திரையை நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் வசதி) வழியாக நுழைகின்றன. மாணவர்களுக்குப் பொதுவாக ஒரே யூசர்நேம்தான். ஒருவர் நுழைந்தால் முன்பு நுழைந்தவர் வெளியே தள்ளப்படுகிறார். ஏன்?

பதில்: ஒரு யூசருக்கு ஒரு செஷன் (நுழைவது முதல் வெளியேறுவது வரை) என்பதுதான் சர்வரின் இயல்பான அமைப்பு. அதே பெயரில் இன்னொருவர் வந்தால் பழைய செஷனையே அவரிடம் ஒப்படைத்துவிடும். முன்னவர் பாதி டைப் செய்த கோப்பு அப்படியே புதியவர் திரையில் நிற்கும். குரூப் பாலிசியில் (சர்வரின் விதிகளை அமைக்கும் இடம்) இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வழி உண்டு. தளர்த்தினால் 30 பேரும் ஒரே புரொஃபைலுக்கு (ஒரு யூசரின் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் இடம்) அடித்துக்கொள்வார்கள். ஃபயர்ஃபாக்ஸ் ‘ஏற்கெனவே இயங்குகிறது’ என்று அடம்பிடிக்கும். ஒருவர் அழித்த கோப்பு எல்லோருக்கும் போய்விடும்.

ஆளுக்கொரு அக்கவுண்ட் போடுங்கள். ரோல் நம்பரையே பெயராக வைக்கலாம். எல்லோரையும் ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ குழுவில் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்றே வரும். அவசரத்துக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்ப்பவர்கள் உண்டு. வகுப்பு நடுவே ஒரு குறும்பன் சர்வரையே ஷட் டவுன் செய்யும்வரை அது சௌகரியமாகத்தான் இருக்கும்.

கேள்வி: தனித்தனி அக்கவுண்ட்தான் போட்டிருக்கிறோம். புது மாணவர்கள் சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் நுழைய முடியவில்லை. பழைய மாணவர்களிலும் சிலருக்கு இதே கதை.

பதில்: அக்கவுண்ட் உருவாக்கும்போது ‘முதல் முறை நுழையும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்’ என்ற டிக்கை அப்படியே விட்டிருப்பீர்கள். நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் இயங்கும்போது, திரை வருவதற்கு முன்பே பாஸ்வேர்டு சரிபார்க்கப்படுகிறது. மாற்றச் சொல்லும் திரைக்குப் போக வழியே இல்லை. டிக்கை எடுத்துவிடுங்கள். நுழைந்த பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தி அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். எண்டுக்குப் பதில் டெலீட் அழுத்தினால் அது முன்னால் இருக்கும் கணினிக்குப் போகும், சர்வருக்கு அல்ல.

மற்றவர்களுக்கு ஊகம் வேண்டாம். சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பதிவில் 4625 எண்ணை (தோல்வியடைந்த நுழைவு) தேடுங்கள். ஸ்டேட்டஸ், சப் ஸ்டேட்டஸ் இரண்டையும் பாருங்கள். காரணம் சில நேரம் முதலாவதில் இருக்கும், சில நேரம் இரண்டாவதில். 064 என்று முடிந்தால் அந்தப் பெயரில் அக்கவுண்டே இல்லை (பெரும்பாலும் எழுத்துப் பிழை). 071 என்றால் பாஸ்வேர்டு காலாவதி. 072 என்றால் அக்கவுண்ட் முடக்கப்பட்டிருக்கிறது. 224 மேலே சொன்ன டிக். 234 என்றால் தவறான முயற்சிகளால் பூட்டிக்கொண்டது. திறந்துவிட்ட பிறகும் மறுபடி பூட்டினால், ஏதோ ஒரு கணினியின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு சேமிக்கப்பட்டிருக்கும். அதை நீக்குங்கள்.

கேள்வி: நான்கு மாதம் நன்றாக ஓடியது. திடீரென ஒரே நாளில் எல்லோருக்கும் இணைப்பு மறுப்பு.

பதில்: ‘நான்கு மாதம்’ என்றதிலேயே விடை இருக்கிறது. செஷன் ஹோஸ்ட் (பலர் ஒரே நேரத்தில் நுழைய உதவும் சர்வர் பகுதி) நிறுவியதும் கிடைக்கும் சலுகைக் காலம் 120 நாள். அதற்குள் லைசென்ஸ் சர்வரை (நுழைவதற்கான உரிமங்களை வழங்குவது) அமைத்து, அதன் பெயரையும் லைசென்ஸ் வகையையும் குறிப்பிட்டிருக்க வேண்டும். இணைப்பு நிரலை அட்மின் ஸ்விட்ச் சேர்த்து (mstsc /admin) இயக்கினால் நிர்வாகி மட்டும் நுழைந்து சரிசெய்யலாம்.

டொமைன் (எல்லா அக்கவுண்டுகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாமல் ஒர்க்குரூப்பாக வைத்திருந்தால் ‘பெர் டிவைஸ்’ (கணினிக்கு ஒன்று) லைசென்ஸே வாங்குங்கள். 2019 முதல், ஒர்க்குரூப்பில் ‘பெர் யூசர்’ (ஆளுக்கு ஒன்று) என்று வைத்தால் 60 நிமிடத்தில் செஷன் துண்டிக்கப்படும். 45 நிமிடப் பீரியடில் இது தெரியவே தெரியாது. இரட்டைப் பீரியட் செய்முறை வகுப்பில்தான் அகப்படும்.

கேள்வி: ஒரு மாணவிக்கு டெஸ்க்டாப் காலியாக வருகிறது. கோப்புகள் அழிந்துவிட்டனவா?

பதில்: இல்லை, தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறார். இப்போது அங்கே எதையும் சேமிக்க விடாதீர்கள். லாக் ஆஃப் செய்ததும் அழிந்துவிடும். சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் யூசர்ஸ் பகுதியில் அவருடைய பழைய செஷன் தொங்கிக்கொண்டிருந்தால் சைன் ஆஃப் செய்துவிட்டு மறுபடி நுழையச் சொல்லுங்கள்.