பிளஸ் டூ கணக்கில் 197, பிளேஸ்மென்ட் தேர்வில் 54

கேள்வி: "அமெரிக்காவில் இளங்கலை இன்ஜினியரிங் சேரப்போகிறேன். வகுப்பு தொடங்கும் முன் ஆன்லைனில் கணிதப் பிளேஸ்மென்ட் தேர்வு எழுதச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க். இதற்கெல்லாம் தனியாகப் படிக்க வேண்டுமா?"

படிக்க வேண்டும். இன்றைக்கே உட்காருங்கள்.

எந்தப் பள்ளி என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நன்றாக மார்க் வாங்க வைக்கும் ஒரு பள்ளியில் படித்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படித்தான். 2017இல் பிளஸ் டூ முடித்தேன், கணக்கில் 200க்கு 197. என் பிளேஸ்மென்ட் தேர்வின் முதல் மதிப்பெண் 100க்கு 54.

பிளேஸ்மென்ட் என்றதும் நம் ஊரில் கேம்பஸ் வேலைதான் நினைவுக்கு வரும். இது வேறு. முதல் செமஸ்டரில் உங்களை எந்தக் கணித வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் தேர்வு. நிறைய பல்கலைக்கழகங்கள் மெக்ரா ஹில் நிறுவனத்தின் அலெக்ஸ் பிபிஎல் தேர்வைப் பயன்படுத்துகின்றன. நான் எழுதியதும் அதுதான். அதிகபட்சம் 30 கேள்விகள். பெரும்பாலும் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை கிடையாது, விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும், சில இடங்களில் வரைபடத்தைத் திரையிலேயே வரைய வேண்டும். ஒரு கேள்விக்கு நீங்கள் எழுதும் விடையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வி வரும். 1985இல் டுவான்யோ, ஃபால்மாஞ் என்ற இருவர் வகுத்த அறிவு வெளிக் கோட்பாடு இதற்கு அடிப்படை. கடினமான ஒன்றைச் சரியாகப் போட்டால் அதற்குக் கீழே இருக்கும் எளியவை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று கணினி ஊகிக்கும். அதனால் 54 என்றால் 30 கேள்வியில் 54 சதவீதம் சரி என்று பொருளில்லை. அந்தத் தேர்வு அளக்கும் தலைப்புகளில் பாதியும் கொஞ்சமும்தான் எனக்குத் தெரியும் என்று பொருள். எனக்கு வலித்தது அதுதான்.

இதில் கால்குலஸ் ஒரு கேள்விகூட இல்லை. இன்டெக்ரேஷனில் பத்து மார்க் கணக்குகளைத் தூக்கத்தில்கூடப் போடுவேன். ஆனால் கேட்டதெல்லாம் பின்னங்கள், அடுக்குக்குறி விதிகள், பல்லுறுப்புக் கோவை, சார்பின் வரைபடம், லாக், திரிகோணமிதி. கால்குலஸுக்கு முந்தையது மட்டும்.

ஒரு கேள்வி இன்றும் நினைவிருக்கிறது. இரண்டை அடிமானமாகக் கொண்ட லாக் சமன்பாடு. விரித்து, காரணிப்படுத்தி, 5, -7 என்று இரண்டு விடையையும் போட்டுவிட்டுப் பெருமையாக அடுத்ததற்குப் போனேன். -7ஐத் திரும்பச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் லாகுக்குள் எதிர்மறை எண் வரும், அதனால் அந்த விடையைத் தள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லாக் டேபிள் பார்க்கத் தெரியும். லாக் என்றால் என்ன என்று தெரியாது. அடுத்து ஒரு வரைபடத்தைக் காட்டி அந்தச் சார்பின் சார்பகமும் வீச்சகமும் கேட்டார்கள். எங்கே வளைந்த அடைப்பு, எங்கே சதுர அடைப்பு என்பதில் குழம்பினேன். 150 டிகிரியை ரேடியனில் மாற்றி, அதன் சைன் மதிப்பைக் கேட்டபோது கை நின்றுவிட்டது.

காரணம் எனக்கு அப்போதே தெரியும். எங்கள் விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கை நடத்தவே இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். காலை ஐந்து மணி ஸ்டடி, இரவு பத்து மணி ஸ்டடி, இரண்டு வருடமும் அதே இரண்டு வால்யூம். 40 ஒரு மார்க் கேள்விகளும் புத்தகத்திலிருந்தும் கம் புக் என்ற கேள்வித் தொகுப்பிலிருந்தும் வரும் என்பதால் விடையின் முதல் வார்த்தையைப் பார்த்தே டிக் அடிப்போம். பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது.

ஸ்டேட் போர்டை மட்டம் தட்டுகிறாள் என்று கமெண்டில் யாரும் வர வேண்டாம். அந்தப் புத்தகத்தில் குறையில்லை. திரிகோணமிதி, சார்புகளும் வரைபடங்களும் என்று தனித்தனிப் பாடங்களே அதில் இருந்தன. நடத்தாதது பள்ளி. எங்கள் ஆசிரியர்களையும் நான் குறை சொல்லவில்லை, சென்டம் எண்ணிக்கையை வைத்துத்தான் அவர்கள் வேலையே நின்றது. எல்லாத் தனியார் பள்ளியும் அப்படித்தான் என்றும் சொல்லவில்லை. என் கதையைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

54 வந்த இரவு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திருப்பூரில் பனியனுக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். என் பல்கலைக்கழகத்தில் நேராக முதல் கால்குலஸ் வகுப்புக்குப் போக 76 வேண்டும். இல்லாவிட்டால் அதற்குக் கீழே அல்ஜீப்ரா, ப்ரீகால்குலஸ் என்று ஏறி வர வேண்டும். கால்குலஸ் தள்ளிப்போனால் இன்ஜினியரிங் பிசிக்ஸ் தள்ளிப்போகும், அதை நம்பியிருக்கும் மற்றவையும் தள்ளிப்போகும். ஒரு செமஸ்டர் கூடினால் எவ்வளவு ஆகும் என்று அப்பா கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

மறுநாள் பெரியப்பா மகன் வந்தார், இன்ஜினியரிங் முடித்தவர். "அடுத்த தடவை நான் உட்கார்றேன், யார் பார்க்கப்போறாங்க" என்றார். அப்போது எங்கள் தேர்வுக்குக் கேமரா கண்காணிப்பு இல்லை. நான் தலையாட்டப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அப்பாதான் குறுக்கே வந்தார். "அண்ணன் எழுதிக் குடுத்துருவான் சாமி. அங்க கிளாஸ்ல எதுவும் புரியலைன்னா அப்ப யாரக் கூப்பிடுவ?"

எங்கள் தெருவில் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணை. முதல் நாள் 197 என்று சொன்னேன். "அதை விடு அம்மிணி, மைனஸ் முப்பது டிகிரி எங்க இருக்குன்னு காட்டு" என்றார். டிபன் பாக்ஸ் மூடியை வைத்து வட்டம் போட்டு, 30, 45, 60 என்று ஒவ்வொரு கோணமாக நான்கு கால்வட்டத்திலும் குறிக்கச் சொன்னார். மூன்று வாரம் தினமும் காலையில் அந்த வட்டத்தைப் பார்க்காமல் போட்டேன். பெட்டியிலிருந்த புத்தகத்தின் உறையை அந்த ஜூன் மாதம்தான் பிரித்தேன். பைசா வாங்கவில்லை அவர். நான் அமெரிக்கா கிளம்பும்போது ஒரு வேட்டி சட்டை எடுத்துக்கொடுத்தோம்.

தேர்வோடு ஒரு பயிற்சிப் பகுதியும் வரும். எந்தெந்தத் தலைப்பில் ஓட்டை என்று ஒரு வட்ட வரைபடத்தில் காட்டி, அவற்றை மட்டும் நடத்தும். இரண்டாவது முறை எழுதுவதற்கு முன் அதில் குறைந்தது 5 மணி நேரம் செலவிட வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. நான் 40 மணி நேரத்துக்கு மேல் இருந்தேன். இரண்டாவது முறை 69. மூன்றாவது முறை, ஜூலை கடைசியில், 83.

கால்குலஸ் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் ஏன் 76 கேட்டார்கள் என்று புரிந்தது. டெரிவேட்டிவ் எடுப்பது ஒரு வரி. அதற்குப் பிறகு வரும் ஆறு வரியும் அல்ஜீப்ரா. விடுதியில் என் பக்கத்து அறைப் பெண், வேறு நாட்டவள், இந்தத் தேர்வை வேறொருவரை வைத்து எழுதியிருந்தாள். அக்டோபரில் அந்த வகுப்பை விட்டு விலகப் பார்த்தாள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்கு வகுப்புகள் வைத்திருக்க வேண்டும் என்பதால் அதுவும் லேசில் முடியவில்லை. அவள் அழுத அழுகையைப் பார்த்தபோது திண்ணையில் உட்கார்ந்த மூன்று வாரமும் அப்பா எனக்கு வாங்கிக்கொடுத்தது என்று தோன்றியது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் இன்றைக்கும் யாராவது ஒருவர், "இங்க சீட்டு கிடைக்காமத்தான பணத்தக் கட்டி அங்க போச்சு" என்பார். என் கட்ஆஃபுக்கு இங்கேயே நல்ல கல்லூரி கிடைத்திருக்கும். நான் ஆசைப்பட்ட படிப்பு அங்கே இருந்தது, அப்பா அனுப்பினார். ஒரு பெண்ணுக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்பதுதான் அவர்கள் கேட்க நினைப்பது. கடன் 2023இல் அடைந்துவிட்டது. அதை யாரும் விசாரிப்பதில்லை.

இன்னொரு ஆதங்கம். 2018 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபோது, எங்களுக்கு நடந்தது இனி நடக்காது என்று சந்தோஷப்பட்டேன். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு பிள்ளைகளுக்குப் பெரிய சுமை, அது எனக்கும் தெரியும். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று இனி யார் போய்ப் பார்ப்பார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்த வகுப்புக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை முறை எழுதலாம், கேமரா உண்டா என்பது ஒவ்வொரு இடத்திலும் மாறும். மெயிலில் அதை முதலில் படியுங்கள். முதல் முறையைத் தள்ளிப்போடாதீர்கள், ஓட்டை எங்கே என்று தெரிந்தால்தான் அடைக்க நேரம் இருக்கும். தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு பகலில் எழுதுங்கள். தனிக் கால்குலேட்டர் வேண்டாம், தேவைப்படும் கேள்விக்குத் திரையிலேயே வரும்.

ஒவ்வொரு கேள்வியிலும் "எனக்குத் தெரியாது" என்று ஒரு பொத்தான் இருக்கும். முதல் முறை நான் அதை ஒரு தடவைகூட அழுத்தவில்லை, எதையும் விடாமல் எழுதிவிட்டு வா என்றே பழக்கியிருந்தார்கள். தெரியாததற்கு அதை அழுத்துங்கள். குருட்டுவாக்கில் ஒன்று சரியாகிவிட்டால், அந்தத் தலைப்பு உங்களுக்குத் தெரியும் என்று அது எடுத்துக்கொள்ளும், பயிற்சியில் அதைத் திரும்பச் சொல்லித்தராமலே போய்விடலாம். பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் வீட்டில் இல்லையென்றால் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் வால்யூமை எடுத்து, திரிகோணமிதியில் தொடங்குங்கள்.