வாசகர் கேள்விகள்: தாயில்லாக் குட்டிக்கு எட்டு ஆண்டுப் பள்ளிக்கூடம்

ஆகஸ்ட் 19 உலக ஓராங் ஊத்தான் தினம். போர்னியோ, சுமத்ரா தீவுகளின் காடுகளில் வாழும் மனிதக் குரங்கு இது. அதையொட்டி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தாயை இழந்த குட்டிகளைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

தாய் கைவிட்டுப் போவதால்தான் குட்டிகள் அநாதையாகின்றனவா? (பள்ளி ஆசிரியை, ஈப்போ)

இல்லை. காட்டில் ஓராங் ஊத்தான் தாய் குட்டியை விட்டுப் போவது மிக மிக அரிது. பிறந்த முதல் சில மாதங்களில் குட்டி தாயின் உடலைவிட்டு இறங்குவதே கிடையாது. அவளுடைய மயிரைப் பற்றிய பிடி தூக்கத்திலும் தளராது. தாய் உயிரோடு இருக்கும்வரை அந்தக் குட்டியை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. மீட்பு மையத்துக்கு வரும் ஏறக்குறைய ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் கொல்லப்பட்ட ஒரு தாய் இருக்கிறாள்.

காடு செம்பனைத் தோட்டமாகவோ சுரங்கமாகவோ மாறும்போது, மிஞ்சிய விலங்குகள் பசியோடு தோட்டத்துக்குள் வந்து இளங்கன்றுகளின் குருத்தைப் பிய்த்துத் தின்னும். பயிரைக் கெடுக்கும் பிராணி என்று சுடுகிறார்கள், வெட்டுகிறார்கள். இறைச்சிக்காக வேட்டையாடுவதும் உண்டு. இந்தோனேசியாவில் 2015இல் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தபோது, தீயிலிருந்து தப்பிய பல விலங்குகள் கிராமங்களின் ஓரத்தில்தான் போய் நின்றன.

ஒரு பெண் ஓராங் ஊத்தான் 7, 8 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனும். ஆயுள் முழுக்க நான்கைந்து குட்டிகளை வளர்த்தாலே பெரிது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, குட்டிகளின் பற்களில் தாய்ப்பாலிலிருந்து படிந்த பேரியம் என்ற தனிமத்தை அளந்து, அவை எட்டு வயதைத் தாண்டியும் பால் குடித்ததைக் காட்டியது. ஆகவே ஒரு தாயைக் கொன்றால், போவது ஓர் உயிர் மட்டுமல்ல. குட்டி தப்பினாலும் அதன் எட்டு ஆண்டுப் படிப்பு போய்விடுகிறது. போர்னியோ, சுமத்ரா, தப்பனூலி என்ற மூன்று இனங்களும் அழிவின் விளிம்பில் உள்ளவை. 2017இல்தான் தனி இனமாக அறியப்பட்ட தப்பனூலியில் எஞ்சியிருப்பவை 800க்கும் குறைவு.

குட்டியைக் காப்பாற்றியதும் வேறு காட்டில் விட்டுவிடலாமே, ஏன் இத்தனை ஆண்டு வைத்திருக்கிறார்கள்? (கல்லூரி மாணவர், கிள்ளான்)

விட்டால் சில நாளில் செத்துவிடும். எதைத் தின்பது, எங்கே தூங்குவது, எதற்குப் பயப்படுவது என்று எதுவும் அதற்குத் தெரியாது. மையத்தில் நடப்பதைப் படிப்படியாகச் சொன்னால் காரணம் புரியும்.

முதலில் தனிமைப்படுத்தல். மற்ற குட்டிகளோடு சேர்க்காமல் காசநோய், ஹெப்படைடிஸ் பி, மலேரியா, குடற்புழு எல்லாவற்றுக்கும் சோதிப்பார்கள். காசநோய்க்கான தோல் பரிசோதனை இந்த விலங்குகளில் அடிக்கடி தவறான விடை தரும். அதை மட்டும் நம்பாமல் மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாயைச் சுட்ட காற்றுத் துப்பாக்கியின் குண்டு குட்டியின் உடலிலும் கிடப்பது பல நேரம் அந்த எக்ஸ்ரேயில்தான் தெரியவரும்.

அடுத்தது பால். வீடுகளில் பிடித்து வைத்திருந்தவர்கள் சோறு, இனிப்புப் பால், தேநீர் என்று கையில் கிடைத்ததைக் கொடுத்திருப்பார்கள். வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவுமாகத்தான் குட்டி வந்து சேரும். நீரிழப்பைச் சரிசெய்த பிறகே, மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குவார்கள். பச்சிளங்குட்டி என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு: மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கக் கிடத்திப் புட்டிப்பால் கொடுப்பது. பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். குட்டி நிமிர்ந்து, வயிறு எதையாவது அணைத்தபடி இருக்கும் நிலையில்தான் குடிக்க வேண்டும்.

அணைப்பும் மருந்துதான். பிடித்துக்கொள்ள உடம்பு கிடைக்காத குட்டி தன்னையே கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும், தின்ன மறுக்கும். அதனால் சில பராமரிப்பாளர்கள் மட்டும், முகக்கவசத்தோடு, முறைபோட்டுக் கூடவே இருப்பார்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் குட்டி மறுபடி மறுபடி தாயை இழக்கிறது.

ஒன்றரை, இரண்டு வயது வாக்கில் காட்டுப் பள்ளி. காலையில் குட்டிகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய் மாலையில் திரும்ப அழைத்து வருவார்கள். நடக்க மாட்டேன் என்பவை தள்ளுவண்டியில் போகும். முதல் பாடம் ஏறுவது. பராமரிப்பாளர் தரையில் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தால் குட்டியும் தரையிலேயே கிடக்கும். இந்தத் தரைப்பழக்கம்தான் பின்னாளில் அதைக் கொல்லும். ஆகவே சில மையங்களில் பராமரிப்பாளர்களும் மரமேறுகிறார்கள். அத்திப் பழம், இளந்தளிர், மரப்பட்டையின் உட்தோல், கறையான் என்று நூற்றுக்கணக்கான தீனிகளைக் குட்டி அறிய வேண்டும். பாம்பைக் கண்டால் விலக வேண்டும் என்பதைக் கற்பிக்க ரப்பர் பாம்பைப் போட்டுவிட்டுப் பராமரிப்பாளர்கள் அலறிக் காட்டுவதும் உண்டு. விளையாட்டுப் போலத் தோன்றினாலும் காட்டில் அதன் உயிர் இந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினம் கூடு கட்டுவது. ஓராங் ஊத்தான் பெரும்பாலும் ஒவ்வொரு மாலையும் புதுக் கூடு கட்டும். தடித்த கிளைகளை உள்நோக்கி வளைக்க வேண்டும். முழுதாக முறித்துவிட்டால் தாங்காது, பச்சைக் கிளையைப் பாதி முறித்துப் பின்ன வேண்டும். அதன்மேல் இலைக்கொத்துகளை மெத்தையாகப் பரப்ப வேண்டும், மழை வந்தால் தலைக்குமேல் மறைப்பும் வேண்டும். காட்டுக்குட்டி ஒரு வயதுக்குள்ளேயே தாய் கட்டுவதைப் பார்த்து விளையாட்டாக வளைக்கத் தொடங்கி, பல ஆண்டு பழகித்தான் தேறும். அநாதைக் குட்டி தனக்கு மூத்த குட்டிகளைப் பார்த்துக் கற்கிறது. கூட்டத்தில் கற்றவை இருந்தால்தான் புதிதாக வந்தவையும் கற்கும்.

பிறகு, ஆறு சூழ்ந்த தீவில் விடுவார்கள். இவற்றுக்கு நீந்தத் தெரியாது, ஆகவே நீரே வேலி. அங்கே தானாகத் தீனி தேடுகிறதா, கூட்டில் தூங்குகிறதா, மனிதரைக் கண்டால் விலகுகிறதா என்று குறித்து வைத்துத்தான் விடுவிக்க முடிவு செய்கிறார்கள். போர்னியோ இனத்திலேயே மூன்று உட்பிரிவுகள் இருப்பதால் மரபணு பார்த்து, அந்தந்தப் பிரிவுக்குரிய பகுதியில்தான் விட வேண்டும். நோய் பரவக்கூடும் என்பதால், காட்டு ஓராங் ஊத்தான்கள் நன்றாக வாழும் இடத்தில் விடுவதும் கூடாது. இப்படிப் பார்த்தால் தகுந்த காடு கிடைப்பதே அரிது. ஓராங் ஊத்தான்களை மீட்டு விடுவிக்கும் இந்தோனேசியாவின் போஸ் அறக்கட்டளை, போர்னியோவிலுள்ள கிழக்குக் கலிமந்தானில் கெஹ்ஜே செவென் என்ற 86,450 ஹெக்டேர் காட்டின் உரிமத்தை 2010இல் பெற்று, 2012 முதல் அங்கே விடுவித்துவருகிறது.

ஹெப்படைடிஸ் பி போன்ற நோயுள்ளவை, கூண்டில் பல ஆண்டு கிடந்து மனிதரையே நாடுபவை, பார்வை இழந்தவை ஆயுள் முழுக்க மையத்தின் பொறுப்பு.

செப்பிலோக் போனால் குட்டியைத் தூக்கலாமா? தன்னார்வலராகச் சேரலாமா? (வாசகி, தைப்பிங்)

தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. உங்கள் சாதாரணச் சளி அதற்கு நுரையீரல் நோயாக மாறலாம். இவற்றின் தொண்டையோடு சேர்ந்த காற்றுப்பையில் சீழ் பிடித்தால் ஆற்றுவது பெரும்பாடு. சபாவின் செப்பிலோக் மறுவாழ்வு மையம் 1964 முதல் இயங்குகிறது. உணவு மேடைக்கு வரும் விலங்குகளைத் தள்ளி நின்று பார்க்கலாம். அங்கே கொடுக்கும் உணவை வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி வைத்திருக்கிறார்கள். அலுத்துப்போய்க் காட்டில் தானே தேட வேண்டும் என்பதுதான் நோக்கம். நீங்கள் போன அன்று மேடைக்கு ஒன்றுகூட வராவிட்டால் வருந்த வேண்டாம்: காட்டில் பழம் நிறைய இருக்கிறது என்று பொருள்.

தடுமன், காய்ச்சல், வாய்ப்புண் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். காட்டில் எதிர்ப்பட்டால் 10 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், அது நெருங்கினால் நீங்கள் பின்வாங்குங்கள்.

தன்னார்வ வேலை என்றால் கூண்டு பழுதுபார்த்தல், தீனி தேடும் புதிர்ப்பெட்டி செய்தல், நடைபாலம் அமைத்தல். பணம் கட்டினால் குட்டியோடு விளையாடலாம் என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் போகாதீர்கள்.

'தத்தெடுப்பு'க்குப் பணம் அனுப்பினால் அந்தக் குட்டிக்கே போகுமா? (ஓய்வுபெற்ற வாசகர், சிரம்பான்)

பெரும்பாலும் பொது நிதிக்குத்தான் போகும். அதில் தவறில்லை; படத்தில் அழகாக இருக்கும் குட்டிக்கு மட்டும் பணம் சேர்ந்தால் நோயாளிக் கிழத்துக்கு யார் மருந்து வாங்குவது?

அனுப்பும் முன் மையத்திடம் கேளுங்கள்: கடந்த ஆண்டுகளில் எத்தனை விடுவித்தீர்கள், விடுவித்தவற்றை எவ்வளவு காலம் பின்தொடர்ந்தீர்கள், பார்வையாளர் தொட அனுமதி உண்டா, தணிக்கைக் கணக்கு உண்டா? தொட அனுமதி உண்டு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மொத்தமாக ஒருமுறை கொடுப்பதைவிட மாதாமாதம் சிறுதொகை மேல், ஏனென்றால் பால்மாவும் சம்பளமும் எட்டு ஆண்டும் தேவை. பொம்மையும் துணியும் அனுப்ப வேண்டாம். பழைய தீயணைப்புக் குழாய் கிடைத்தால் மையம் மகிழ்ந்து வாங்கும். ஊஞ்சலும் தூளியும் அதில்தான் பின்னுகிறார்கள். சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றுப் பகுதியில் காடுகளைப் பிரித்த ஓடைகளுக்குமேல் ஓராங் ஊத்தான்கள் கடக்கப் பாலம் கட்டியதும் அதே குழாயால்தான்.

செம்பனை எண்ணெயை அடியோடு விட்டுவிட்டால் போதுமா? (வாசகர், ஜொகூர் பாரு)

போதாது, சில சமயம் கேடாகவும் முடியும். ஒரு ஹெக்டேரில் செம்பனை தரும் எண்ணெய் சோயா தருவதைப் போல் பல மடங்கு. எல்லோரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் வேறெங்கோ இன்னும் அதிகக் காடு போகும். எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்பதே பயன்தரும். மலேசியாவில் எம்.எஸ்.பி.ஓ. என்ற, நிலைத்த முறையில் விளைந்த செம்பனைக்கான நாட்டுச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். அதே நோக்கத்துக்கான உலக அமைப்பான ஆர்.எஸ்.பி.ஓ.வின் முத்திரையில் 'கலந்தது' என்ற பொருளில் குறிப்பு இருந்தால், சான்று பெற்ற எண்ணெயோடு பெறாததும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொருளைத் தயாரிப்பவருக்கு ஒரு கடிதம் எழுதி, எப்போது பிரித்து வாங்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

சட்டை போட்ட குட்டியின் காணொளியைப் பகிர்வதில் என்ன தீங்கு? (மாணவி, பினாங்கு)

1980களின் பிற்பகுதியில் தைவானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஓராங் ஊத்தான் செல்லப்பிராணியாக வந்தது. அதைப் பார்த்த ஆசையில் நூற்றுக்கணக்கான குட்டிகள் அங்கே கடத்தப்பட்டன. வளர்ந்து பலம் கூடியதும் தெருவில் விடப்பட்டன. உங்கள் ஒரு விருப்பக்குறி அதே வேலையைச் செய்கிறது. திட்டிக் கருத்து எழுதினாலும் காணொளி மேலும் பலருக்குப் போகும். பேசாமல் புகார் பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள். பள்ளிச் சுவரொட்டிக்கு, குட்டி மரத்தில் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள், மனிதர் கையில் இருப்பதை வேண்டாம்.

இணையத்தில் குட்டி விற்பனைக்கு என்று கண்டேன். வாங்கி மையத்திடம் ஒப்படைத்தால் புண்ணியம்தானே? (வாசகர், சுங்கை பட்டாணி)

உங்கள் மனம் புரிகிறது, ஆனால் வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த தாயைச் சுடுவதற்கான கூலி. வைத்திருப்பதும் குற்றம். 2019 மார்ச்சில் பாலி விமான நிலையத்தில் மயக்க மருந்து கொடுத்த குட்டியைப் பிரம்புக் கூடையில் கொண்டுபோன பயணி பிடிபட்டுச் சிறைக்குப் போனார். குட்டி உயிரோடு மீட்கப்பட்டது.

விலை பேசாதீர்கள், எச்சரிக்கவும் வேண்டாம். விற்பவர் பக்கத்தை அழித்துவிட்டு ஓடிவிடுவார். திரையைப் படம் பிடியுங்கள். பக்கத்தின் முகவரி, பயன்படுத்திய பெயர், காட்டிய எண், தேதி, நேரம், படத்தின் பின்னணியில் தெரியும் கட்டடம் எல்லாம் அதில் வரட்டும். அன்றைக்கே வனவிலங்கு இலாகாவுக்கு அனுப்பிவிட்டு, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குட்டி மீட்கப்படும்வரை அந்தப் படத்தை வேறு எங்கும் போடாதீர்கள்.