ஐ7 ஸ்டிக்கரும் மைத்துனர் சொன்ன கேமிங் லேப்டாப்பும்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மகள் இந்த ஆண்டு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள். நான் சில சிறு வியாபாரிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருக்கும் டெஸ்க்டாப் (ஐ3, 8வது தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க்) ஆன் ஆகி எக்செல் திறப்பதற்குள் குளித்துவிட்டே வந்துவிடலாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இருவருக்கும் பொதுவாக ஒரு நல்ல லேப்டாப் வாங்க நினைக்கிறேன். பட்ஜெட் நடுத்தரம், கொஞ்சம் இழுக்கலாம். விற்பனையாளர் ஐ7 வாங்கச் சொல்கிறார், மைத்துனரோ கேமிங் லேப்டாப்தான் நாலு வருஷம் தாங்கும் என்கிறார். எதை வாங்குவது?”

நீங்கள் கேட்காததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் பொதுவாக ஒரே லேப்டாப் வேண்டாம். மகள் காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் உங்கள் கணக்கும் அவளோடு கல்லூரிக்குப் போய்விடும், மாதக் கடைசியில் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். போதாததற்கு, புரோகிராமிங் படிக்கிற பிள்ளை எதையெதையோ இன்ஸ்டால் செய்து பார்க்கும், பார்க்கத்தான் வேண்டும், அப்படிப்பட்ட மெஷினில் அடுத்தவர்களின் கணக்கு வழக்கு கிடப்பது நல்லதல்ல. பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமும் இல்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆக, வாங்கப் போவது மகளுக்கு மட்டும்.

லேப்டாப் பார்க்கும்போது நான் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்: இதைப் பின்னால் மாற்ற முடியுமா? திரை, கீபோர்டு, பிராசஸர், போர்டிலேயே பற்றவைத்த ரேம், இவையெல்லாம் வாங்கிய அன்று எப்படியோ கடைசி வரை அப்படித்தான். எஸ்எஸ்டியை (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும், சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு) பிறகு மாற்றலாம், ஸ்லாட் இருந்தால் ரேமைக் கூட்டலாம், பேட்டரியைக்கூட மூன்று வருடம் கழித்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அதனால் பட்ஜெட் இடிக்கும்போது மாற்ற முடியாதவற்றுக்குப் பணத்தைப் போட்டுவிட்டு மற்றதில் கையைச் சுருக்குங்கள். விளம்பரங்கள் இதற்கு நேர் தலைகீழ். கொட்டை எழுத்தில் ஐ7 என்றும் 1 டிபி என்றும் இருக்கும், திரை எத்தனை நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்பது பொடி எழுத்தில்கூட இருக்காது.

சரி, ஐ7 கதைக்கு வருவோம். இன்டெல் பிராசஸர்களில் 3, 5, 7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் யார் பெரியவர் என்று சொல்லும் எண்கள்தான், தலைமுறை மாறினால் அந்தக் கணக்கு செல்லாது. 2016இல் வந்த ஐ7-7500யு பிராசஸரில் இருப்பது 2 கோர் (கோர் என்பது உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 2022இல் வந்த ஐ3-1215யு பிராசஸரில் 6 கோர், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்த ஐ3 இந்த ஐ7ஐ அனாயாசமாகத் தாண்டிவிடும். எனவே “ஐ7 இருக்கிறது” என்று யாராவது சொன்னால் முழு நம்பரையும் கேளுங்கள். கோடுக்குப் பின் வரும் முதல் ஒன்றிரண்டு இலக்கங்கள் தலைமுறை (12 என்றால் 12வது), கடைசி எழுத்து அதன் குணம். யு என்றால் 15 வாட் அளவில் சிக்கனமாக ஓடும், பேட்டரி நிற்கும். ஹெச் என்றால் வேகம் கூட, சூடும் சத்தமும் கூட. இன்டெல் 2023 கடைசியிலிருந்து அந்த ‘ஐ’ எழுத்தையே பெரும்பாலான புது லேப்டாப் மாடல்களிலிருந்து எடுத்துவிட்டது, இப்போது கோர் 5, கோர் 7, கோர் அல்ட்ரா 5 என்று வருகிறது. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: அல்ட்ரா இல்லாத கோர் 7 150யு போன்றவை முந்தைய 13வது தலைமுறைச் சரக்கே புதுப் பெயரில் வந்ததுதான். மோசமானவை அல்ல, ஆனால் புதுசு என்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் ரைசனில் இந்தப் பெயர் விளையாட்டு இன்னும் அழகு. 7000 வரிசை லேப்டாப் பிராசஸர்களில் நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம், உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தியது என்பதை அதுதான் சொல்கிறது. ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவதில் 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, அதுவும் 4 கோர்தான். இரண்டாவது ஜென் 3, 6 கோர். மூன்றாவது ஜென் 4, 6 கோர். மூன்றிலும் பளபளவென்று ‘ரைசன் 5’ ஸ்டிக்கர்! 7520யு போட்ட லேப்டாப் மலிவாகக் கிடைத்தால், படம் பார்க்கவும் பில் கட்டவும் வாங்குகிறவர்களுக்குச் சரி. நாலு வருடம் கோடிங் செய்யப்போகிற பெண்ணுக்கு வேண்டாம். ஐ5 12வது தலைமுறை யு வகையோ, ரைசன் 5 7530யுவோ, அதற்கு மேலோ இருந்தால் போதும். ஐ5 விலையிலிருந்து ஐ7 விலைக்கு ஏறும் பணம் ரேமுக்கும் திரைக்கும் போகட்டும்.

ரேமில் மட்டும் பேரம் பேசாதீர்கள், 16 ஜிபி. பிரவுசரில் இருபது டேப், ஒரு கோட் எடிட்டர், ஒரு வீடியோ வகுப்பு, இத்தனையும் திறந்தாலே 8 ஜிபி மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும், இரண்டாம் மூன்றாம் ஆண்டில் ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் (லேப்டாப்புக்குள் ஓடும் போலி ஃபோன்) விர்ச்சுவல் மெஷினும் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்) வரும்போது கேட்கவே வேண்டாம். “இப்போது 8 வாங்குங்கள், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்” என்று சொல்வார்கள். ஏற்ற இடம் இருந்தால்தானே? மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், அதில் நானே சூடு பட்டிருக்கிறேன். எடை குறைவு என்று ஆசைப்பட்டு 8 ஜிபி மாடல் ஒன்று வாங்கி, ஒரு வருடம் கழித்துப் புது ரேம் கட்டையோடு உட்கார்ந்து பின்மூடியைத் திறந்தால் செருக ஒரு பொந்துகூட இல்லை. பேசாமல் பத்துத் திருகையும் திரும்ப மாட்டினேன். அந்த ரேம் கட்டை இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. ஆகவே வாங்கும் முன்பே கேளுங்கள்: எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை காலி? விண்டோஸ் லேப்டாப் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டினால் பெரும்பாலும் ஸ்லாட் கணக்கும் தெரியும். இன்னொன்று, 16 ஜிபி ஒரே கட்டையாக இருப்பதைவிட 8, 8 ஆக இரண்டு இருப்பது மேல். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் படம் காட்டவும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டு கட்டை என்றால் அதற்கு இரண்டு பாதை.

எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். அது விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டும், யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1024ஆல் போடுகிறது. எஸ்எஸ்டிக்குப் பதில் ‘ஈஎம்எம்சி’ (மலிவு வகைச் சேமிப்பு சிப்) என்று எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், அதையும் போர்டில் பற்றவைத்துத்தான் கொடுப்பார்கள், வேகமும் கிடையாது.

இப்போது யாரும் கேட்காத விஷயம், திரை. நாளைக்கு ஆறு மணி நேரம் அவள் பார்க்கப் போவது பிராசஸரை அல்ல. 1366×768 புள்ளிகள் கொண்ட திரை இன்னும் விற்கிறார்கள், கூடாது. 1920×1080 அடிப்படை, 1920×1200 கிடைத்தால் இன்னும் நல்லது, எழுதும் புரோகிராமில் கூடுதலாக நாலைந்து வரி ஒரே பார்வையில் தெரியும். ஐபிஎஸ் திரையா என்று பாருங்கள், டிஎன் வகைத் திரை கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், 300க்கு மேல் தேடுங்கள். நிற அளவு ‘45% என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் நிறமெல்லாம் சலவைக்குப் போட்ட மாதிரி வெளுத்திருக்கும் என்று அர்த்தம். கோடிங்குக்குப் பரவாயில்லை, படம், வீடியோ எடிட்டிங் ஆசையும் இருந்தால் நிறங்களை முழுசாகக் காட்டும் 100% எஸ்ஆர்ஜிபி திரைக்குப் போங்கள். கீபோர்டுக்கு எண் கிடையாது, மகளையே கூட்டிப்போய் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் ஒரு பத்தி முழுக்கத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், அவள் விரல் சொல்லும். திரையைத் திறந்து மூடும் கீலையும் அசைத்துப் பாருங்கள், பையில் போட்டுத் தூக்கிப் போகிற லேப்டாப்பில் சீக்கிரம் விட்டுப்போகிற இடங்களில் அது ஒன்று.

எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி, 14 அங்குலம். பேட்டரியில் ‘10 மணி நேரம்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம், வாட்-ஹவர் எண்ணை (பேட்டரியின் கொள்ளளவு) பாருங்கள். சாதாரண வேலைக்கு லேப்டாப் 8 வாட் அளவில் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 42 வாட்-ஹவர் பேட்டரி ஐந்து மணி நேரம் வரும், 56 என்றால் ஏழு. வாங்கிய புதிதில் இது, வருடம் ஆக ஆகக் குறையும். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால் சார்ஜர் தொலைந்தாலும் வேறொன்றில் சமாளித்துவிடலாம்.

மைத்துனர் சொல்வதில் பாதி சரி. கேமிங் லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கும், விசிறி நன்றாக இருக்கும், உழைக்கும். ஆனால் அது இரண்டு கிலோவைத் தாண்டும், சார்ஜரே அரைக் கிலோவுக்கு மேல் வரும், அந்த சார்ஜர் இல்லாமல் வகுப்பில் மதியம் வரை ஓட்டுவது கஷ்டம். விலையில் ஒரு பெரிய பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகிறது, அதைக் கோடிங் ஏறெடுத்தும் பார்க்காது. ஏஐ பாடத்துக்கு வேண்டாமா என்றால், கல்லூரி அளவுப் பயிற்சிகளுக்கு கூகுள் கோலாப் போன்ற சேவைகள் இலவசமாகவே கிராஃபிக்ஸ் கார்டைத் தொலைவிலிருந்து பயன்படுத்த விடுகின்றன. மகள் நிஜமாகவே கேம் விளையாடுகிறவள், அல்லது 3டி, கேம் வடிவமைப்பு என்று போக நினைக்கிறவள் என்றால் அப்போது மைத்துனர் ஜெயித்தார்.

மேக்புக்? 2024 அக்டோபருக்குப் பிறகு ஏர், புரோ இரண்டிலும் அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி வருகிறது, பேட்டரி அருமை. ஆனால் உள்ளே எதையும் கூட்ட முடியாது, தவிர கல்லூரி ஏதாவது விண்டோஸ் மென்பொருளைக் கட்டாயமாக்கியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஸ்னாப்டிராகன் (ஃபோன்களில் வரும் வகை பிராசஸர்) போட்ட விண்டோஸ் லேப்டாப்களுக்கும் கிட்டத்தட்ட இதே எச்சரிக்கைதான், பழைய பிரின்டர் டிரைவர்களும் சில தேர்வு மென்பொருள்களும் முரண்டு பிடிக்கும். விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் குரோம்புக் இவளுக்கு வேண்டாம்.

பணம் ரொம்பவே இடித்தால், அலுவலகங்களிலிருந்து வந்து புதுப்பித்து விற்கப்படும் பிசினஸ் லேப்டாப்களைப் பார்க்கலாம், உடம்பும் கீபோர்டும் புது மலிவு மாடல்களைவிட நன்றாக இருக்கும். ஒரே நிபந்தனை, இன்டெல் என்றால் 8வது தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதற்குக் கீழான பிராசஸர்கள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை.

உங்கள் டெஸ்க்டாப் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பித்துவிட்டது, அதனால்தான் தூக்கிப் போட வேண்டாம் என்றேன். அதன் பிராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹார்ட் டிஸ்கில் ஒரு முள் நகர்ந்து, சுழலும் தட்டு சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் எதையும் படிக்க வேண்டும், நொடிக்கு நூறு சொச்சம் தடவைக்கு மேல் அதனால் இடம் மாற முடியாது, விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. 500 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிளில் இணைப்பது) வாங்கி, அதில் விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று அது தகராறு செய்தால் பயப்பட வேண்டாம், 8வது தலைமுறைக் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) அணைந்து கிடக்கும், ஆன் செய்தால் போதும். அந்த வேலைக்குக் கொடுக்கும் முன் கணக்கு ஃபைல்களை வெளியே ஒரு டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கை உள்ளேயே விட்டு வைக்கலாம், ஆனால் இத்தனை வருடம் ஓடிய டிஸ்கை மட்டும் நம்பி ஒரே நகலை அதில் வைக்காதீர்கள். எல்லாம் முடிந்து முதல் தடவை ஆன் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், குளிக்கப் போகும் நேரமெல்லாம் இனி அது தராது.