பிரிட்டனியின் அமைதியான உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றைக் காண எங்கே செல்லலாம்?

கடற்கரைக் கூட்டத்தைத் தவிர்த்து, பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனியின் கிராமப்புறத்தை அறிய எங்கே தங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபினிஸ்தேர் மாவட்டத்தில், அரே மலைத்தொடரை ஒட்டியுள்ள உவெல்குவாத் என்ற சிற்றூரையே நான் தயங்காமல் சொல்வேன்.

ஊரின் ஓரத்தில் உள்ள ஏரி இயற்கையானதன்று. அருகிலிருந்த ஈய, வெள்ளிச் சுரங்கத்திற்கு நீர் வழங்குவதற்காக 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது. அதிலிருந்து வழியும் நீர், பாசி படர்ந்த மாபெரும் கருங்கற் பாறைகளின் இடுக்குகளில் மறைந்தும் வெளிப்பட்டும் காட்டுக்குள் ஓடுகிறது. அப்பாறைகள் எங்கிருந்தோ உருண்டு வந்தவை அல்ல. பூமிக்கடியில் விரிசல் வழியாக நெடுங்காலம் சிதைந்த கருங்கல்லின் மென்மையான பகுதி மணலாகி அரித்துச் செல்லப்பட, எஞ்சிய உருண்டைகளே அவை. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள 'நடுங்கும் பாறை'யைச் சரியான இடத்தில் முதுகு கொடுத்துத் தள்ளினால், ஒருவராலேயே அசைக்க முடிகிறது.

1987 அக்டோபர்ப் புயல் இக்காட்டின் பெரும்பகுதியைச் சாய்த்தது. இன்று காணும் மரங்களில் பல அதன்பின் வளர்ந்தவை. காட்டுக்குள் சற்றுத் தள்ளி, ரோமானியருக்கு முன் இங்கு வாழ்ந்த 'கால்' (Gaul) இனத்தவரின் பழங்கோட்டை அரண்களும் உள்ளன.

மோர்லே வரை இரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் வரலாம். ஆயினும் புதர்வெளிகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த மலைப்பகுதியைச் சுற்றிப்பார்க்க வாடகைக் கார் மிகவும் உதவும். ஞாயிறு பிற்பகலில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால், உணவை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.