செயல்முறை ஆராய்ச்சியில் (ஆபரேஷன்ஸ் ரிசர்ச், அதாவது கணிதத்தைக் கொண்டு நல்ல முடிவு தேடும் துறை) ஃபஸி கணக் கோட்பாடு எதற்கு? நிகழ்தகவு போதாதா?

போதாது, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு சிக்கலுக்கானவை. அடுத்த வாரம் எத்தனை ஆர்டர் வரும் என்று தெரியவில்லையா, அதற்கு நிகழ்தகவு. "மெஷின் 40 மணி நேரத்துக்கு மேல் ரொம்பப் போக வேண்டாம்" என்று தையல் யூனிட் முதலாளி சொல்கிறார் என்றால், அதில் தற்செயலுக்கு வேலையே இல்லை. எல்லைக்கோடு எங்கே என்பதுதான் தெளிவாக இல்லை. கணினி அறிவியலாளர் லோத்ஃபி ஜாடே 1965-ல் ஃபஸி கணத்தை முன்வைத்தது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான். ஓர் உறுப்பு கணத்தில் இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல், 0 முதல் 1 வரை எந்த அளவுக்கு இருக்கிறது என்று கேட்டார்.

கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மனும் ஜாடேயும் 1970-ல் எழுதிய கட்டுரைதான் முடிவெடுத்தலுக்கு இதைக் கொண்டு வந்தது. குறிக்கோளும் கட்டுப்பாடும் ஒரே தரத்தில் இருக்கும் ஃபஸி கணங்கள், அவற்றின் வெட்டுதான் (எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதி) முடிவு என்றார்கள். வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

அதே தையல் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். மெஷின் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1,000 ரூபாய் லாபம். 40 மணி வரை முதலாளிக்கு முழு சம்மதம், 48-ல் சம்மதம் பூஜ்யம். லாபம் 38,000 என்றால் திருப்தி பூஜ்யம், 50,000 என்றால் முழு திருப்தி. இடையில் நேர்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நேரியல் திட்டமிடல் (கட்டுப்பாட்டைத் தாண்டாமல் லாபத்தைப் பெருமமாக்கும் கணக்கு) 40 மணியிலேயே நின்றுவிடும். அங்கே லாபத் திருப்தி வெறும் 0.17. ஃபஸி முறையில் வெட்டு என்பது இரண்டு திருப்திகளில் குறைவானது; அதை எவ்வளவு உயர்த்த முடியும் என்று பார்க்கிறோம். 44 மணியில் இரண்டுமே 0.5 ஆகின்றன. லாபம் 44,000.

இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. சிம்மர்மன் 1978-ல் காட்டிய வழியில், லாம்டா என்று ஒரு மாறியைக் கூடுதலாகச் சேர்த்து, ஒவ்வொரு திருப்தியும் லாம்டாவுக்குக் குறையக் கூடாது என்று எழுதி, லாம்டாவைப் பெருமமாக்கினால் சரி. அது சாதாரண நேரியல் திட்டம்தான், எக்செல் சால்வரே போட்டுவிடும்.

அப்புறம், கவனிக்க வேண்டிய ஒன்று. குறைவானதைப் பார்க்காமல் இரண்டு திருப்திகளையும் பெருக்கிப் பார்த்தால் விடை 43 மணி. எந்த முறை என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஒன்றில் விட்டதை இன்னொன்றால் ஈடுகட்ட முடியாது என்றால் குறைவானதைப் பார்க்கும் முறை பொருந்தும். கொஞ்சம் ஈடுகட்டலாம் என்றால் பெருக்கல்.

ஆய்வேடுகளில் என்னை வருத்துவது, ஏஎச்பி (தெரிவுகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு முன்னுரிமை தரும் முறை) ஒப்பீட்டு எண்கள் எல்லாவற்றையும் முக்கோண எண்களாக (குறைவு, நடு, அதிகம் என்ற மூன்று மதிப்புகளாக) மாற்றிவிட்டு "ஃபஸி" என்று தலைப்பு வைக்கும் பழக்கம். ஏஎச்பியை உருவாக்கிய சாட்டியே அதை எதிர்த்து எழுதியிருக்கிறார். நீங்கள் ப்ராஜெக்ட் செய்வதாக இருந்தால், முடிவெடுப்பவரிடம் உட்கார்ந்து "எதற்குக் கீழே போனால் வேண்டாம் என்பீர்கள், எதற்கு மேல் கிடைத்தால் போதும் என்பீர்கள்" என்று கேட்டு, அந்த 38,000-ஐயும் 50,000-ஐயும் அவர் வாயாலேயே வாங்குங்கள். சூத்திரத்தை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.