பெரியவர்கள் போட்டியில் காத்திருக்கும் தீவுகள்

கேள்வி: அமெரிக்காவும் சீனாவும் போட்டி போட்டுக்கொண்டு சின்னஞ்சிறு நாடுகளுக்குக் கடலடிக் கேபிளும் கைபேசிக் கோபுரமும் அமைத்துத் தருகின்றன. போட்டி இருந்தால் விலை குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். அந்த நாடுகளுக்கு இது அதிர்ஷ்டம்தானே?
– வாசகர், விருதுநகர்

பதில்: விலையும் குறையவில்லை, வேலையும் சீக்கிரம் முடியவில்லை என்பதற்குப் பசிபிக் கடலிலேயே சான்று இருக்கிறது. நவ்ரு, கிரிபாட்டியின் தலைநகரான டராவா, மைக்ரோனீசியக் கூட்டாட்சியைச் சேர்ந்த கோஸ்ரே ஆகிய தீவுகளைக் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்க உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் நிதியுதவியுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கின. சீனாவின் ஹுவாவே மரைன் (இன்றைய ஹெச்எம்என் டெக்), பிரான்சின் அல்காடெல் சப்மரைன் நெட்வொர்க்ஸ், ஜப்பானின் என்இசி ஆகிய மூன்றும் ஒப்பந்தப்புள்ளி அளித்தன. மற்ற இரண்டையும்விட 20 சதவீதத்துக்கும் மேல் குறைவாக விலை கேட்டது சீன நிறுவனம்தான் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆனால் அந்தக் கேபிள் போய்ச் சேரவிருந்த ஹன்ட்ரு-1 என்னும் பழைய கேபிள், அமெரிக்கப் படைத்தளங்கள் உள்ள குவாம் தீவுக்குச் செல்வது. சீன நிறுவனம் கேபிள் அமைத்தால் ஒட்டுக்கேட்பு நடக்கலாம் என்று வாஷிங்டன் எச்சரித்தது, 2021இல் மூன்று ஒப்பந்தப்புள்ளிகளுமே நிபந்தனைகளுக்குப் பொருந்தவில்லை என்று தள்ளப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் செலவை ஏற்பதாக அறிவித்தன. ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிளுக்கு என்இசியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 2023 ஜூனில். அதுவரை அந்தத் தீவுகளின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் செயற்கைக்கோள் வழியே கிடைத்த இணையத்தைக் கொண்டே காலம் தள்ளின. நீங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்வது இந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அமெரிக்காவின் அச்சம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். சீனாவின் 2017ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டம், உளவுப் பணிக்கு ஒத்துழைக்கும் கடமையை அந்நாட்டு நிறுவனங்கள்மேல் சுமத்துகிறது. அதே சமயம், அமெரிக்காவும் பிரிட்டனும் கடலடிக் கேபிள்களில் ஓடும் தகவலை அள்ளிவந்ததை, அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடென் 2013இல் வெளியிட்ட ஆவணங்கள் காட்டிவிட்டன. ஆகவே, ஒட்டுக்கேட்பு இல்லாத இணைப்பு வேண்டும் என்று டராவாவில் வாழும் ஒருவர் விரும்பினால், அதற்கு உத்தரவாதம் தரும் தகுதி இந்த இரண்டு தரப்பில் எதற்கும் இல்லை.

சாலமன் தீவுகளின் கதை இன்னும் தெளிவானது. 2017இல் அந்நாடு சிட்னிக்குக் கேபிள் அமைக்க ஹுவாவே மரைனோடு ஒப்பந்தம் செய்தது. ஆஸ்திரேலிய வெளியுளவு அமைப்பின் அன்றைய தலைவர் நிக் வார்னரே சாலமன் தலைநகர் ஹோனியாராவுக்குப் போய் அரசிடம் கவலை தெரிவித்தார். பிறகு செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஆஸ்திரேலியாவே ஏற்று, சிட்னியிலிருந்து பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கும் ஹோனியாராவுக்கும் செல்லும் 4,700 கிலோமீட்டர் பவளக் கடல் கேபிளை அமைத்துக் கொடுத்தது. இது உண்மையான உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹுவாவே பெயர் அடிபடாதிருந்தால் இந்தப் பணம் இத்தனை விரைவாக வந்திருக்குமா என்பது என் சந்தேகம். 2022இல் அதே சாலமன் அரசு, ஹுவாவே அமைக்கும் 161 கைபேசிக் கோபுரங்களுக்காகச் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியிடம் ஏறத்தாழ 66 மில்லியன் டாலர் கடன் வாங்கியது. வட்டி 1 சதவீதம், தவணை 20 ஆண்டுகள். இனி அங்கே ஒரு வெளித்தீவிலிருந்து சிட்னிக்கு அனுப்பும் செய்தி, சீனக் கடனில் எழுந்த கோபுரத்தில் ஏறி, ஆஸ்திரேலியப் பணத்தில் கிடக்கும் கேபிளில் இறங்கிச் செல்லக்கூடும். கோபுரங்களால் வரும் வருமானம் கடனை அடைக்கப் போதாவிட்டால், மிச்சத்தைக் கட்டவேண்டியவர்கள் அந்த வெளித்தீவு மக்கள்தான்.

சென்னைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ்வரை 19,200 கிலோமீட்டர் ஓடும் சீ-மீ-வீ 6 கேபிளின் ஒரு கிளை ஏர்டெல் வழியாகச் சென்னைக்கு வருகிறது. அந்த வேலை ஹெச்எம்என் டெக்குக்குப் போகவிருந்த நிலையில், அமெரிக்க அரசின் அழுத்தத்துக்குப் பிறகு 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கேபிள் நிறுவனமான சப்காமுக்குக் கிடைத்தது.

ரிப்பன் வெட்டிய பிறகு பழுது பார்ப்பது யார் என்பதைப் பற்றி இந்தப் போட்டியில் பேச்சே குறைவு. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் கேபிள்கள் அறுந்தபோது, பிரதான தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரங்கள் ஆயின. உள்நாட்டுக் கேபிளை நம்பியிருந்த வெளித்தீவுகள் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தன. ஆகவே, சிறிய நாடு ஒன்று கையெழுத்திடும் முன் கேட்கவேண்டியவை இவை: அறுந்தால் எத்தனை நாளில் பழுதுபார்ப்புக் கப்பல் வரும், அதற்குப் பணம் கொடுப்பது யார், இரண்டாவது வழி ஒன்று உண்டா, மாதக் கட்டணத்தை முடிவு செய்வது யார்? இவற்றுக்கான பதில்கள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, அந்த ஒப்பந்தமும் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கொடுப்பவர் பெய்ஜிங்காக இருந்தாலும் வாஷிங்டனாக இருந்தாலும் கான்பெராவாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.