மலிவாகக் கொடுத்தும் ஏன் வாங்கவில்லை?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான டிஆர்-டாஸ், மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸுக்குப் போட்டியாக மலிவாகக் கிடைத்தும் கணினி தயாரிப்பாளர்கள் ஏன் அதற்கு மாறவில்லை என்றுதானே கேட்டீர்கள்? விலை காரணமில்லை, மைக்ரோசாஃப்ட் கட்டணத்தை எண்ணிய விதம்தான். அது தயாரிப்பாளர்கள் பலரோடு போட்ட ஒப்பந்தப்படி, எம்எஸ்-டாஸ் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும், குறிப்பிட்ட வகை பிராசசர் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் பணம் கட்டியாக வேண்டும். அப்புறம் வேறொன்றை ஏற்றினால் ஒரே பெட்டிக்கு இரண்டு கட்டணம். நல்ல மென்பொருள் இப்படி ஓரங்கட்டப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்படி ஒரு மென்பொருள் ஒப்பந்தத்தைப் படித்தால் இதைப் பாருங்கள்: போட்டி மென்பொருளோடு ஒரு கணினி வெளியே போனால் கட்டணம் குறைகிறதா? குறையாவிட்டால், ‘பிரத்தியேகம்’ என்ற சொல்லே இல்லாவிட்டாலும் அது கதவை அடைக்கிற ஒப்பந்தம்தான்.

ஒன்று கவனம். 1994-ல் மைக்ரோசாஃப்ட் அமெரிக்க நீதித்துறையோடு செய்த சமரசத்தில்தான் இந்தக் கட்டண முறை கைவிடப்பட்டது, குற்றம் நிரூபணமாகி அல்ல. சந்தையில் ஆதிக்கம் இல்லாத சிறு நிறுவனம் இதே விதியைப் போட்டால் சட்டம் பெரும்பாலும் தலையிடாது.